காரணத்தை எழுதிக் கொடு

"தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. வருந்துகிறோம்." அவ்வளவுதான் கடிதம். வருந்துகிறவன் யார், எதற்கு வருந்துகிறான், ஒண்ணும் கிடையாது.

சென்னையில் ஒரு தனியார் கம்பெனி. கணக்கு எழுதும் வேலை. எழுத்துத் தேர்வில் நான் பாஸ். நேர்முகத்தில் கணக்கைப் பற்றி ரெண்டே கேள்வி. மிச்சமெல்லாம், "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்?" கூலி வேலை என்றேன். ஃபைலை மூடினார்கள். கடிதம் வந்ததும் போன் போட்டு, "எதுல சார் குறைஞ்சு போனேன்?" என்று கேட்டேன். "பேச்சு பத்தலப்பா. நம்ம எடத்துக்கு நீ செட் ஆக மாட்டே" என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

வேலை தேடப் பயிற்சி தருகிறவர்கள் யோசனை சொல்கிறார்கள்: நிராகரித்தவருக்கு நன்றி சொல், பணிவாக உன் குறையைக் கேள், திருத்திக்கொள். நல்ல யோசனைதான், யாருக்கு? குறை தன்னிடம்தான் என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறவனுக்கு. என் இங்கிலீஷை நான் திருத்திக்கொள்ளலாம். என் தெருவை எப்படித் திருத்துவது?

இது என் புலம்பல் மட்டும் இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டேவெலும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே படிப்பு, பெயர் மட்டும் வேறு. தகுதி சமமாக இருந்தும், உயர்சாதிப் பெயர்களை விடத் தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவு. முஸ்லிம் பெயர்களுக்கு அதனினும் குறைவு. அங்கே பெயரின் வாலே சாதியைக் காட்டிக்கொடுத்தது. இங்கே நாம் வாலை அறுத்துவிட்டோம். அதனால்தான் "எந்தப் பக்கம்?" என்று கேட்கிறான்.

1980இல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கைக்கான நேர்முகத்தைப் பற்றிப் பேசியது. மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்முகத்துக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. என்ன கேட்டார்கள் என்பதற்குச் சாட்சியாக நேர்முகத்தை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. நாலு சுவருக்குள் நடப்பதன் யோக்கியதை நீதிபதிகளுக்கே தெரிந்திருக்கிறது.

"கேட்டு என்ன ஆகப்போகுது, பொய்தானே சொல்வான்?" என்கிறார்கள் சில தோழர்கள். சொல்லட்டும். அந்தப் பொய்யை எழுத்தில் சொல்லட்டும். ஒருத்தனிடம் இருந்தால் அது வெறும் கடிதம். ஒரே கம்பெனி பத்துப் பேருக்கு அனுப்பிய "செட் ஆகாது" நம் கையில் இருந்தால் அது சாட்சியம்.

ஆகவே கேட்போம், ஆனால் கெஞ்ச வேண்டாம். அரசு வேலை என்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. "ஏன் எடுக்கவில்லை?" என்று மட்டும் எழுதினால் தட்டிக்கழிப்பான். ஆவணத்தைக் கேள்: எழுத்தில் என் மதிப்பெண் என்ன, நேர்முகத்தில் என்ன, என் பிரிவில் கடைசியாகத் தேர்வான மதிப்பெண் என்ன, 'தகுதியானவர் இல்லை' என்று ஒதுக்கீட்டு இடத்தைக் காலியாக விட்டிருந்தால் அந்தக் குறிப்பின் நகல் எங்கே? நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது.

தனியாரிடம் இந்தச் சட்டம் செல்லாது. அங்கே இட ஒதுக்கீடும் இல்லை, பதில் சொல்லும் கடமையும் இல்லை. அரசு நிலம், அரசு வங்கிக் கடன், வரிச் சலுகை வாங்கும்போது மட்டும் அவன் தனியார் இல்லை போலிருக்கிறது! தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்கும் நம் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக்கொள்வோம்: நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கொடு.

தகுதி தகுதி என்கிறாயே, அந்தத் தராசை மேசை மேல் வை. நாங்களும் பார்க்கிறோம்.