செய்மதிக்கும் ஒரு பஞ்சாங்கம்

நம்மவர் இல்லங்களில் பஞ்சாங்கம் இல்லாத வீடு அரிது. அதனை வாங்கும்போது, வாக்கியமா, திருக்கணிதமா என்று கேட்டு வாங்குவதும் வழக்கம். முன்னோர் வகுத்த வாய்பாட்டையே பின்பற்றிக் கணிப்பது வாக்கியம். வானத்தை நோக்கிப் பெற்ற திருத்தங்களையும் சேர்த்துக் கணிப்பது திருக்கணிதம். இவ்விரண்டிற்கும் இடையே நாழிகைக் கணக்கில் வேறுபாடு நேர்வதுண்டு. கணக்கு எத்துணை நுட்பமானதாயினும், இடையிடையே வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப்படாவிடின் மெல்ல மெல்ல விலகிச் செல்லும் என்பதே அவ்வேறுபாடு நமக்குப் புகட்டும் பாடம்.

கிரகங்களுக்கு இப்பாடம் நூற்றாண்டுக் கணக்கிற் பொருந்துவது. மனிதன் ஏவிய செய்மதிகளுக்கோ அது நாட்கணக்கிற் பொருந்துகின்றது. இன்று மாணவர் பலர் வானத்தைக் காட்டும் மென்பொருள்களைத் தத்தம் கணினியில் வைத்திருக்கின்றனர். அவற்றுள் ஸ்டெல்லேரியம் என்பது பெயர்பெற்றது. பேபியன் செரோ என்னும் பிரெஞ்சுக்காரர் 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய இம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். நட்சத்திரங்களையும் கிரகங்களையும் மட்டுமன்றிச் செய்மதிகளையும் அது காட்டும். சிறு குறியொன்று தன் பெயரையும் தாங்கிக்கொண்டு திரையில் நகர்வதைக் காணும் பிள்ளைகள், எங்கோ ஒரு கமெரா அதனைப் படம்பிடித்து அனுப்புகின்றது என்றே எண்ணுவர். உண்மை வேறு. கணினி எதனையும் பார்ப்பதில்லை, கணக்குத்தான் செய்கின்றது. அக்கணக்கிற்கு அடிப்படை யாது, அதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இரண்டு வரிகள்

ஒவ்வொரு செய்மதிக்கும் இரண்டே வரிகளில் அடங்கிய எண்தொகுதி ஒன்றுண்டு. வரிக்கு 69 எழுத்திடங்கள். துளையிட்ட அட்டைகளைக் கணிப்பொறிக்கு ஊட்டிய காலத்தில் வகுக்கப்பட்ட அமைப்பாதலின் அத்துணைச் சுருக்கம். அமெரிக்கப் படைத்துறையினர் ராடர்களாலும் தொலைநோக்கிகளாலும் செய்மதிகளை அவதானித்து இவ்வெண்களை வெளியிடுகின்றனர். ரி. எஸ். கெல்சோ என்னும் அறிஞர் 1985ஆம் ஆண்டிலே அவற்றைப் பொதுமக்களுக்குப் பகிரத் தொடங்கினார். அவர் அமைத்த செலஸ்ட்ராக் என்னும் இணையத்தளத்திலிருந்து மென்பொருள்கள் இவ்வெண்களைப் பெற்றுக்கொள்கின்றன.

முதல் வரியிலே செய்மதியின் பதிவெண்ணும், அது ஏவப்பட்ட ஆண்டும், அவ்வெண்கள் எந்நாளில் எந்நேரத்துக்கு உரியவை என்பதும், காற்றின் தடை எத்துணை என்பதும் இருக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் பதிவெண் 25544.

இரண்டாம் வரியை விளங்கிக்கொள்ள, ஒரு தோடம்பழத்தைச் சுற்றி ஒரு வளையலைப் பிடித்திருப்பதாகக் கற்பனை செய்க. வளையல் எவ்வளவு சரிந்திருக்கின்றது? எத்திசைக்குத் திரும்பியிருக்கின்றது? வட்டமாக உள்ளதா, சற்று நீண்டுள்ளதா? பழத்துக்கு மிக அண்மையாக வரும் இடம் எது? குறித்த நேரத்தில் செய்மதி வளையலின் எப்பகுதியில் நின்றது? நாளொன்றுக்கு எத்தனை முறை சுற்றுகின்றது? இவ்வாறு வினாக்களுக்கும் உரிய விடைகளே அவ்வரியில் உள்ளன. விண்வெளி நிலையத்தின் வளையல் பூமத்தியரேகைக்கு 51.6 பாகை சரிந்துள்ளது. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 15½ முறை பூமியைச் சுற்றுகின்றது.

இவ்விடைகளை வைத்துக்கொண்டு, 1980ஆம் ஆண்டின் அறிக்கையொன்றில் விளக்கப்பட்ட சூத்திரங்களின்படி கணினி கணக்கைத் தொடர்கின்றது. பூமி முழு உருண்டையன்று, நடுவிலே பருத்தது. அப்பருமனின் ஈர்ப்பினால் விண்வெளி நிலையத்தின் ஒழுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 பாகை மேற்கு நோக்கித் திரும்புகின்றது. காற்றின் தடையோ செய்மதியைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்குகின்றது. இவையெல்லாம் அச்சூத்திரங்களில் அடங்கும்.

இடமும் வேளையும்

எண்கள் சரியாயிருப்பினும், நீங்கள் நிற்கும் இடத்தைக் கணினி அறிதல் வேண்டும். சந்திரன் மிகத் தொலைவிலுள்ளதால் யாழ்ப்பாணத்தாருக்கும் கொழும்பாருக்கும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தோன்றும். விண்வெளி நிலையமோ சுமார் 400 கிலோமீற்றர் உயரத்திலேயே செல்வது. யாழ்ப்பாணத்தில் உச்சிக்கு நேரே அது செல்லும்போது, கொழும்பில் நிற்பவர் அதனை வடக்கு வானில் ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் காண்பர். மணிக்கூடும் பிழைபடலாகாது. உச்சிவானில் அது செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் நகரும். அஃதாவது, இரண்டு பூரணச் சந்திரனின் அகலத்தை ஒரு செக்கனிற் கடந்துவிடும்.

செய்மதி தலைக்கு மேலே இருந்தாலும் எப்பொழுதும் கண்ணுக்குத் தோன்றாது. அதற்குச் சொந்த ஒளி இல்லை. சூரிய ஒளி பட்டே அது மிளிர்கின்றது. நமக்கு இருளும் அதற்கு வெயிலும் இருக்கும் வேளையே காட்சிக்கு ஏற்ற வேளை. நமது நாட்டிலே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அவ்வேளை குறுகியது. சூரியன் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் சென்றதும், 400 கிலோமீற்றர் உயரத்தில் உச்சியிற் செல்லும் செய்மதியும் பூமியின் நிழலுட் புகுந்துவிடும். விடியற்காலையிலும் இவ்வாறே. நடுவானில் ஒளிர்ந்து சென்ற புள்ளி திடீரென அவிந்துபோவதன் காரணமும் அந்நிழலே. ஸ்டெல்லேரியம் இந்நிழலையும் கணக்கிட்டே செய்மதியின் ஒளியைக் காட்டுகின்றது.

எண்கள் பழையனவானால்

புதிதாகப் பெற்ற எண்களிலேயே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வழு இருக்கக்கூடும். நாள் செல்லச் செல்ல அது வளரும். சூரியனிற் கொந்தளிப்பு ஏற்பட்டால் மேல்வானத்துக் காற்று வீங்கித் தடையும் மிகும். விண்வெளி நிலையம் இடையிடையே எஞ்சினை இயக்கித் தன்னை உயர்த்திக்கொள்ளும். நேற்றைய எண்கள் இன்று இயக்கப்படும் எஞ்சினை எங்ஙனம் அறியும்?

இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானிலே உருவாக்கிய ராவணா 1 என்னும் செய்மதியை நேயர்கள் நினைவுகூர்வர். ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடைய அது, 2019 யூன் 17ஆம் திகதி விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. பின்னர் காற்றின் தடையால் இறங்கி எரிந்து மறைந்தது. ஆயினும், பழைய எண்களை நீக்காது வைத்திருக்கும் கணினியொன்று, சாம்பலாய்ப்போன அச்செய்மதியை இன்றும் வானில் உலாவ விடக்கூடும். திரையிலே உள்ளது வானிலே இல்லை!

இவ்வழு பிள்ளைகளின் ஏமாற்றத்தோடு முடிந்துவிடுவதன்று. 2009 பெப்ரவரி 10ஆம் திகதி, சைபீரியாவுக்கு மேலே ஏறத்தாழ 790 கிலோமீற்றர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 என்னும் அமெரிக்கச் செய்மதியும், செயலிழந்திருந்த கொஸ்மொஸ் 2251 என்னும் ருசியச் செய்மதியும் மோதிச் சிதறின. அவ்விரண்டும் 584 மீற்றர் இடைவெளியில் ஒன்றையொன்று கடந்து செல்லும் என்றே, இதே இரண்டு வரி எண்களைக் கொண்டு செலஸ்ட்ராக் முற்கூட்டிக் கணித்திருந்தது. அதனிலும் நெருங்கிய சந்திப்புக்கள் பல அன்றைய பட்டியலில் இருந்தன. கணக்கின் வழு ஒரு கிலோமீற்றர். கணக்குக் காட்டிய இடைவெளியோ அதனிலும் குறைவு. செக்கனுக்கு 11 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நிகழ்ந்த அம்மோதலினால், அடையாளங் காணத்தக்க துண்டுகள் மட்டும் ஈராயிரத்தைத் தாண்டின. சூத்திரம் பொய்த்ததன்று, அதற்கு ஊட்டிய அவதானிப்பின் நுட்பம் போதவில்லை.

கண்ணின் பங்கு

முதற் செய்மதியாகிய ஸ்புட்னிக் 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி ஏவப்பட்டபோது இத்தகைய மென்பொருள் எதுவும் இருக்கவில்லை. பிரெட் விப்பிள் தலைமையில் ஸ்மித்சோனியன் வானியல் ஆய்வகம், சந்திரக் காவல் என்னும் பொருள்படும் பெயரோடு தொண்டர் குழுக்களை அமைத்தது. ஊதியம் பெறாத பொதுமக்கள் சிறு தொலைநோக்கிகளின் முன் வரிசையாக அமர்ந்து, செய்மதி தத்தம் பார்வையைக் கடந்த கணத்தைக் குறித்து அனுப்பினர். அக்குறிப்புக்களிலிருந்தே ஒழுக்குகள் கணிக்கப்பட்டன. அப்பணி 1975ஆம் ஆண்டுவரை நீடித்தது.

நம் மாணவர்களும் அவ்வழியிற் பயிலலாம். மென்பொருளிலே முதலில் உங்கள் ஊரைக் குறியுங்கள். மணிக்கூட்டை இணைய நேரத்தோடு பொருத்துங்கள். செய்மதி எண்களைப் புதுப்பித்து, அவை எந்நாளுக்கு உரியவை என்று பாருங்கள். பின்னர், காட்சிநேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே முற்றத்துக்குச் சென்று இருளுக்குக் கண்களைப் பழக்குங்கள். அறிந்த நட்சத்திரம் ஒன்றின் அருகாகச் செய்மதி செல்லும் செக்கனையும், நிழலில் மறையும் செக்கனையும் குறிப்பேட்டிலே பதியுங்கள். உள்ளே வந்து திரையோடு ஒப்பிடுங்கள். ஒரு வாரம் எண்களைப் புதுப்பியாது விட்டு, மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு வளர்வதை நீங்களே அளந்தறிவீர்கள்.

திரையும் வானமும் முரண்படும்போது எது மெய் என்று எவரும் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வானம் பிழை செய்வதில்லை; திருத்தவேண்டியது எண்களையே.