ஆளுக்குப் பஞ்சமா, கூலிக்குப் பஞ்சமா?

 

நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர் பிள்ளைக்கு வேலை கேட்டுப் போனால் காதில் விழும் பதில் ஒன்று உண்டு. "வேலை இருக்குங்க, ஆனா தொழில் தெரிஞ்ச ஆளா வேணுமே." கேட்டவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். "பையன் படிப்பு பத்தலையாம்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்கப் போகிறோம்.

ஆள் பஞ்சம் நமக்குத் தெரியாததா? ஐப்பசியில் நடவுக்கு ஆள் தேடி நாலு ஊர் அலையாதவர் நம்மில் யார்? அப்போது என்ன செய்கிறோம்? கூலியை ஏற்றுகிறோம். வண்டி அனுப்பிக் கூட்டி வருகிறோம். டீ, வடை வாங்கித் தருகிறோம். நெல் என்ன விலைக்குப் போகும் என்று தெரியாமலேயே இத்தனையும் செய்கிறோம். என்.எல்.சி. விற்கிற கரண்டுக்கோ விலை வைப்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். செலவைக் கணக்குப் பார்த்து, போட்ட முதலுக்கு லாபமும் சேர்த்துத்தான் வைக்கிறார்கள். நம்ம நெல்லுக்கு அப்படி லாபம் உத்தரவாதமாகக் கைக்கு வந்ததுண்டா? நட்டத்துக்கு விவசாயம் பார்க்கிறவன் கூலியை ஏற்றி ஆள் பிடிக்கிறான். லாபம் உத்தரவாதமான கம்பெனிக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லையாம்!

பழைய கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டப் போய் வெளிப்பட்டதுதான் இந்தப் பழுப்பு நிலக்கரி. 1956ல் கம்பெனி உருவானது. 1957ல் பிரதமர் நேரு வந்து வெட்டு வேலையைத் தொடங்கி வைத்தார். 1961ல் முதல் கரி எடுத்தார்கள். சக்கரத்தில் வாளி வாளியாக மண்ணை அள்ளும் ஜெர்மன் இயந்திரத்தை அதற்கு முன் நம்ம பக்கத்தில் யார் கண்டது? கற்றுக் கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு ஏர் பிடித்த கைக்கு வந்த தொழில், இன்றைக்கு ஐ.டி.ஐ. முடித்த கைக்கு வராதா?

இன்னொன்று. கரிக்கு அடியில் ஊற்று நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தரை தாங்கும். (அந்த இறைப்பில் நம்ம போர்களில் தண்ணீர் எந்த ஆழத்துக்குப் போனது என்பது தனி வயிற்றெரிச்சல், இன்னொரு நோட்டீஸில் பேசலாம்.) சப்மெர்சிபிளைத் தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கிவிடுகிற பையன் நம்ம ஊர்களில் ஊருக்கு ரெண்டு பேராவது இருக்கிறான். அவனுக்கு மோட்டார் தெரியாதாம்! டிராக்டர் டிரெய்லருக்கு வெல்டிங் வைக்கிறவனுக்கு வெல்டிங் தெரியாதாம்!

ஆள் இருக்கிறான். அவன் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டான். ஏன் போனான்? இங்கே இருந்தால் ஒப்பந்தக் கூலி. 2000களின் தொடக்கத்தில் 18 ஆயிரத்துக்கு மேல் நிரந்தர ஊழியர் இருந்த கம்பெனியில் இப்போது ஏறக்குறைய பாதிதான். ரிட்டயர் ஆனவர் இடம் காலியாகிறது, வேலை காலியாவதில்லை. அந்த வேலையை ஒப்பந்தக்காரரின் ஆள் செய்கிறான். பத்து வருஷம், இருபது வருஷம் பெல்ட்டோடும் இயந்திரத்தோடும் புழங்கியவனுக்கு அட்டையில் 'திறன் சாராத் தொழிலாளி' என்று போட்டால், வேலை வாங்கும்போது தொழில்காரன், கூலி கொடுக்கும்போது கூலிக்காரன் என்றுதானே அர்த்தம்? 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதிகள், நிரந்தரக்காரர் செய்யும் அதே வேலைக்கு அதே கூலி என்று சொல்லியிருந்தன. அது காகிதத்தில் இருந்தபோதே 2012ல் ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது.

2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அன்றைக்கே 6 பேர் செத்தார்கள், பின்னால் ஆஸ்பத்திரியில் மேலும் பலர். நெருப்பு யாருடைய அட்டையையும் வாங்கிப் பார்க்கவில்லை.

'பயிற்சி இல்லாத ஆள்' என்கிறார்களே, பயிற்சி கொடுக்க வேண்டியது யார்? 2013ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். திட்டத்தில் வேலை உருவானால், தேவையான தொழிலில் பயிற்சி கொடுத்து, பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவருக்காவது வேலை. அல்லது ஒரே தடவையாக 5 லட்சம். அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 வருஷம். பயிற்சி கொடுத்து வேலை என்று சட்டம் சொல்கிறது. தொழில் கற்றுக்கொண்டு வா என்று சொல்லவில்லை. அதுவும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்ற அளவில்தான் சட்டம் நிற்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் நம்மைத் தள்ளப் பார்ப்பார்கள்.

2022ல் 299 பயிற்சிப் பொறியாளர் தேர்வில் தமிழ்நாட்டார் ஒருவரும் இல்லை என்று புகார் கிளம்பி ஊரே கொதித்தது. பீகார்ப் பையனோ ஒடிசாப் பையனோ நமக்கு எதிரி இல்லை, அவன் அப்பனும் விவசாயியாக இருக்கலாம். நம்ம கேள்வி தேர்வு நடத்துகிறவர்களிடம்.

2023 ஜூலை 26 அன்று வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெல்லில் இயந்திரத்தை இறக்கினார்கள், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுகிறோம் என்று. அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதே ஜூலையில்தான் ஒப்பந்தத் தொழிலாளரும் நிரந்தரம் கேட்டு வேலைநிறுத்தம் இறங்கினார்கள். வயலில் நின்று அழுதவரும் கேட் வாசலில் கொடி பிடித்தவரும் பல வீடுகளில் அப்பனும் மகனும்தான். அப்புறம் எதற்கு நமக்குத் தனிப் பந்தல், அவர்களுக்குத் தனிப் பந்தல்?

ஆகவே வருகிற மே 1 கிராம சபையில் எல்லா ஊரிலும் ஒரே தீர்மானம் வைப்போம். நிலம் எடுக்கும் முன்பே, எந்தத் தொழிலில் எத்தனை பேருக்குப் பயிற்சி, பயிற்சிக் காலத்தில் என்ன உதவித்தொகை, முடித்ததும் எந்தத் தேதியில் நிரந்தரம் என்று எழுத்தில் வேண்டும். வாய்ச்சொல்லுக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. சுரங்கத்தில் ஏற்கனவே இருப்பவருக்கு அவர் செய்யும் தொழிலின்படி தரமும் கூலியும் வேண்டும்.

தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வைத்து, நகல் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். வரும்போது பட்டா, சிட்டா, அடங்கல், வந்திருக்கும் நோட்டீஸ், பிள்ளைகளின் ஐ.டி.ஐ. சான்று எல்லாவற்றிலும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். சுரங்கத்துக்குப் போகிற தம்பிகள் கூலிச் சீட்டையும் கொண்டு வாருங்கள், அதில் என்ன தரம் போட்டிருக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.