மன்றோ துரையும் மந்த்ராலயக் கதையும்

மந்த்ராலயம் சென்று ஸ்ரீராகவேந்திர சுவாமிகளின் பிருந்தாவனத்தைத் தரிசித்த அன்பர்கள் பலரும் தாமஸ் மன்றோ துரையின் கதையைக் கேட்டிருப்பர். மடத்து மானியமான மாஞ்சாலி கிராமத்தைக் கும்பெனி அரசு திரும்பப் பெற முனைந்தது. விசாரணைக்கு வந்த மன்றோ, தொப்பியையும் காலணியையும் களைந்து சந்நிதிக்குள் சென்றார். 1671-இல் பிருந்தாவனப் பிரவேசம் செய்த சுவாமிகள் அவருக்கு மட்டும் காட்சி தந்து உரையாடி, மந்திராட்சதையும் அருளினார். மானியம் நிலைத்தது. இதுவே அக்கதை.

இந்த மன்றோ குந்தாரப்பள்ளி மக்களுக்கு அந்நியர் அல்லர். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பெனியின் வசமாயிற்று. கிருஷ்ணகிரிச் சீமை அதனுள் அடங்கும். காப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக மன்றோ 1799 வரை பாராமகாலில் பணியாற்றினார். நிலத்தை அளந்து உழவரிடமே நேராக வரி பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. பின்னர் 1800 முதல் 1807 வரை, பெல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளுக்குத் தலைமைக் கலெக்டராக விளங்கினார். மாஞ்சாலி அவருடைய ஆளுகையில் இருந்தது என்பது இவ்வகையில் உறுதியாகிறது.

ஆயினும், கதை சொல்வோர் சிலர் அது 1812-இல் நிகழ்ந்தது என்பர். அது பொருந்தாது. 1807-இல் தாய்நாடு திரும்பிய மன்றோ, 1814-இல்தான் மீண்டும் இந்தியா வந்தார். அரசாங்க கெஜட்டிலேயே இது பதிவாகியுள்ளது என்றும் கூறுவர். அவர்கள் குறிப்பிடுவது டபிள்யூ. பிரான்சிஸ் 1904-இல் தொகுத்த பெல்லாரி மாவட்ட விவர நூலை. அது அரசாணை அன்று. மன்றோவின் அறிக்கையும் அன்று. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, மக்கள் வழங்கிவந்த கதையைக் கதையாகவே எழுதிவைத்த நூல்.

இத்தகைய கதைகள் இன்னும் உள. திருமலையில் நைவேத்தியத்துக்குரிய மன்றோ கங்காளம் அவர் பெயரால் வழங்குவது கண்கூடு. அவருடைய வயிற்றுவலி நீங்கிய வரலாறோ செவிவழிச் செய்தி. கடப்பைப் பகுதியில் பாபாக்னி நதிக்கரையிலுள்ள கண்டியில், மரணம் நெருங்கியோர்க்கே தெரியும் பொன் தோரணத்தை அவர் கண்டார் என்பது கர்ணபரம்பரை. 1827 ஜூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் காலமானார் என்பது ஆவணம்.

அங்ஙனமாயின் மந்த்ராலயக் கதை பொய்யோ? ஒருவர் கண்ணுக்கு மட்டும் புலனான காட்சியைக் கச்சேரிக் கணக்கு மெய்ப்பிக்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. குருவருளுக்கு அரசு முத்திரை வேண்டியதில்லை. பக்தியைப் பக்தியாகவே போற்றுவது அன்பர்க்கு அழகு.

நிலத்தின் கதை வேறு. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், சென்னை மாகாணக் கோயில் மானியங்களை ஆராய்ந்து பதிவேட்டில் ஏற்றியது. இன்றும் நீதிமன்றங்கள் மதிக்கும் சான்று அது. பாட்டனார் சொன்னார் என்பது அங்கே எடுபடாது. ஊர்க் கோயிலின் மகிமையைப் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும் பெரியோர், அக்கோயிலின் சர்வே எண்ணையும் இனாம் பதிவேட்டின் நகலையும் உடன் காட்டிவைத்தல் நலம். மகிமை நெஞ்சில் நிற்கும்; மானியம் காகிதத்தில்தான் நிற்கும்.