பயப்படுகிற கோல் காப்பாளரின் பக்கம் நின்று

ஐஸ் ஹொக்கி பற்றித் தமிழில் எழுத என்ன கிடக்கு என்று கேட்பவர்களுக்கு: ஒரு காணொளி இருக்கிறது. 1989 மார்ச் 22, அமெரிக்காவின் பஃபலோ நகரம். பஃபலோ சேபர்ஸ் அணியின் கோல் காப்பாளர் கிளின்ற் மலார்சக். அவருடைய அணி வீரர் ஒருவரும் எதிரணி வீரர் ஒருவரும் மோதிக்கொண்டு கோல் வாசலுக்குள் வந்து விழுகிறார்கள். எதிரணிக்காரரின் சப்பாத்துக்கு அடியிலிருந்த இரும்புத் தகடு மலார்சக்கின் கழுத்தை வெட்டிவிடுகிறது. பனித்தளம் சிவக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மயங்கி விழுகிறார்கள். அணியின் சிகிச்சையாளர் ஜிம் பிஸ்ஸுரெல்லி வியட்நாம் போரில் இராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர். அவர் ஓடிவந்து இரத்தக் குழாயை விரலால் அழுத்திப் பிடித்தபடியால்தான் ஆள் தப்பியது. ஏறக்குறைய 300 தையல்.

எங்கள் வயதுப் பொடியள் இதைப் பகிரும்போது கூடவே ஒரு வரியும் வரும்: "ரெண்டு கிழமைக்குள்ள திரும்ப வந்து விளையாடினவன்டா!" உண்மைதான். ஏப்ரல் தொடக்கத்திலேயே அவர் மறுபடி கோல் வாசலில் நின்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எங்களுக்குச் சண்டை அந்த வரியோடும் அந்தக் கைதட்டலோடும்தான்.

அந்த வரி நிற்கிற இடத்துக்குப் பிறகு என்ன நடந்தது? கண்ணை மூடினால் அந்தக் காட்சி. நித்திரையில்லை. ஒரே எண்ணமும் ஒரே செய்கையும் பிடித்தாட்டுகிற நோய் சின்ன வயதிலிருந்தே அவருக்கு இருந்தது, அது இப்போது கட்டுமீறிப் போனது. நித்திரைக்காகக் குடியும் மருந்தும். அடுத்த வருடமே சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். 2008 பெப்ரவரியில் அதே பஃபலோ நகரில் ரிச்சட் செட்னிக் என்ற வீரருக்குக் கழுத்து வெட்டுப்பட்டது. 19 வருடமாக மூடிக் கிடந்தது மலார்சக்குக்குள் மறுபடி திறந்துகொண்டது. அந்த ஆண்டு ஒக்டோபரில் தன் உயிரை மாய்க்க முயன்றார். தப்பினார். மனவடு என்று மருத்துவர்கள் பெயர் வைத்தது அதன் பிறகுதான். அந்தச் சொல்லை எங்கட ஆக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆக, ரெண்டு கிழமையில் திரும்பியது தையல் போட்ட கழுத்து மட்டும். மனிதன் திரும்ப இருபது வருடம் எடுத்தது. 2014இல் அவர் எழுதிய புத்தகம் அந்த இருபது வருடத்தைப் பற்றியது. காணொளி பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைத் தேடியிருப்பார்கள்?

"அவர் தானாக விரும்பித்தானே இறங்கினார்" என்று ஒரு வாதம் வரும். ஓம், விரும்பித்தான். குதிரைகளோடு வாழ்ந்த மனிதர் அவர், விழுந்தால் உடனே ஏறிவிட வேண்டும் என்பது அந்த வாழ்க்கையின் பாடம். ஆனால் காயப்பட்ட விளையாட்டு வீரரின் விருப்பம் எங்கிருந்து வருகிறது? சுற்றியிருக்கிறவர்கள் எதற்குக் கைதட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எங்கட பள்ளிக்கூட மைதானங்களிலும் இதே கதைதான். கணுக்கால் வீங்கின பொடியனிடம் "ஒண்டுமில்லை, எழும்பு" என்பார்கள். துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினால் வீரன். இறங்க மாட்டேன் என்றால், அந்தப் பட்டத்தை இங்கே எழுதவேண்டியதில்லை.

கோல் காப்பாளரிடம் இது இன்னும் கொடூரமாகிறது. முன்வரிசையில் ஓடுகிறவர் பயந்தால் ஒரு மோதலைத் தவிர்க்கலாம், பந்தைச் சீக்கிரம் கடத்திவிடலாம், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. கோல் காப்பாளருக்கு ஒளிய இடமில்லை. ஐஸ் ஹொக்கியில் அடிக்கப்படுவது பந்தல்ல, உறையவைத்த கறுப்பு இறப்பர் வட்டு. ஏறக்குறைய 170 கிராம். நல்ல அடி என்றால் மணிக்கு 150 கிலோமீற்றரைத் தாண்டும். ஒருமுறை அது முகத்தில் பட்ட உடம்பு அடுத்தமுறை தலையைத் திருப்பும். அது கோழைத்தனமல்ல, நரம்பு தன் வேலையைச் செய்கிறது. வில்லங்கம் என்னவென்றால், தலையைத் திருப்பினால் கவசமில்லாத பக்கம்தான் வட்டுக்கு முன்னால் வருகிறது. பயந்தவர் கோலுக்குள் பின்வாங்கி நிற்பார். பின்வாங்கினால் அடிப்பவருக்கு இடைவெளி கூடும், கோல் விழும், கோல் விழ இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போகும். "மனசைத் திடப்படுத்து" என்று எல்லைக்கோட்டில் நின்று கத்துவதால் இந்தச் சுற்று அறுபடாது.

அறுபடுகிற வழி யாரும் காணொளியாக வெளியிடாத வழி. முதலில் ரெனிஸ் பந்து. பிறகு தூரத்திலிருந்து, நம்பிக்கையான ஒருவர், சொல்லிவிட்டு, மெதுவாக, காலுக்குக் கீழே அடிக்கிற அடிகள். கண் கடைசிவரை வட்டோடு போகிறதா என்று பார்ப்பது. பிறகு இடுப்புயரம், பிறகு தோள். கூட்டத்துக்குள்ளிருந்து சொல்லாமல் வருகிற அடி எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு படியில் தலை திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். இதற்கு எத்தனை நாள் என்று பயிற்றுநர் கேட்கக் கூடாது. கேட்கத்தான் செய்வார், போட்டி அட்டவணை அவர் கையில் இருக்கிறதே.

கவசத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அடம் ஜோன்சன் என்ற வீரர் இதேபோலக் கழுத்தில் வெட்டுப்பட்டு இறந்தார். அதன் பிறகுதான் சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனம் தன் போட்டிகளில் எல்லா மட்டங்களிலும் கழுத்துக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. மலார்சக்கின் இரத்தத்தை உலகம் பார்த்து 34 வருடத்துக்குப் பிறகு! திரும்பி வந்தவரைக் கொண்டாடி முடித்துவிட்டபடியால், மற்றவர்களின் கழுத்தை மூட யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

இதே வாக்குவாதம் அதற்கு முப்பது வருடம் முன்னும் நடந்தது. 1959 நவம்பர் 1, நியூயோர்க். மொன்றியல் கனடியன்ஸ் அணியின் கோல் காப்பாளர் ஜாக் பிளான்றின் முகத்தை அன்டி பாத்கேற் அடித்த வட்டு கிழித்தது. மூக்கும் கன்ன எலும்புகளும் முன்பே உடைந்த மனிதர். பயிற்சியில் முகமூடி போடுவார், போட்டியில் போடப் பயிற்றுநர் ரோ பிளேக் விடவில்லை. பார்வை மறையுமாம். வெளியே பேசியவர்களின் பேச்சு இன்னும் எளிமையானது: முகமூடி போடுகிறவன் பயந்தவன். அன்று தையல் போட்டு முடிந்ததும் பிளான்ற் தெளிவாகச் சொன்னார், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று. அந்தக் காலத்து அணிகள் மாற்றுக் கோல் காப்பாளரைக் கூட்டிக்கொண்டு திரிவதில்லை. பிளேக்குக்கு வேறு வழி இருக்கவில்லை. மொன்றியல் 3-1 என்று வென்றது.

நாங்கள் கைதட்ட விரும்புவது இந்த மனிதருக்கு. காயப்பட்டவர் தன் நிபந்தனையைத் தானே சொன்னார். தனக்குப் பயமில்லை என்று நடிக்கவுமில்லை. அதற்குப் பிறகு 18 போட்டிகள் தோல்வியில்லாமல் போயின. அப்படியும் பிளேக்குக்கு மனம் ஆறவில்லை. 1960 மார்ச் 8ஆம் திகதி டெற்றொயிற் அணிக்கு எதிராக, ஒரேயொருமுறை கழற்றிவிட்டு விளையாடு என்று கேட்டார். பிளான்ற் கழற்றினார். 3-0 என்று தோற்றார்கள். அடுத்த போட்டிக்கு அவர் முகமூடியோடு வந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.