அடிப்பது வீரமன்று
(மட்டக்களப்பு வாவிக்கரையும் நஞ்சில்லாப் பாம்புகளும்)

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். நடுங்குவது மனித இயல்பு. அதனைக் குறைகூறுவார் எவருமிலர். ஆயின், அந்நடுக்கத்தைத் தீர்ப்பதற்குப் பொல்லைத் தவிர வேறு வழியே இல்லை என்னும் முடிபு இயல்பினால் வந்ததன்று. தலைமுறை தலைமுறையாகப் பழகிக்கொண்ட பிழையாகும். மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் படைக்கும் அதே கைகள் வளவுக்குள் வந்த சாரையை அடித்துக் கொன்று வேலியில் தொங்கவிடுவதைக் காண்கிறோம். நஞ்சுள்ள நாகம் தெய்வமாகிறது. நஞ்சில்லாத சாரை பிணமாகிறது. இம்முரண்பாட்டை முரண்பாடென்று உணராத சமூகம் தன் அச்சத்தையும் அறியவில்லை, தன் பக்தியையும் அறியவில்லை எனலே பொருந்தும்.

அச்சத்திற்குக் காரணம் இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. 2016ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் 80,000க்கும் மேற்பட்டோர் பாம்புக்கடிக்கு உள்ளாவதாகவும் அவர்களுள் ஏறத்தாழ 400 பேர் இறப்பதாகவும் கணித்தது. 2017இல் உலக சுகாதார தாபனம் பாம்புக்கடி நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் பட்டியலிற் சேர்த்தது. இறப்போரிற் பெரும்பாலோர் வயலிலே உழைப்பவரும் தரையிலே பாய் விரித்து உறங்குபவருமான ஏழைகளே. எனவே, 'பாம்பும் ஓர் உயிர்தானே' என்று மாடிவீட்டிலிருந்து உபதேசிப்பது படுவான்கரை விவசாயியின் காதில் ஏறாது. ஏறவேண்டும் என்பதும் இல்லை.

ஆயினும் அதே கணிப்பை மற்றொரு பக்கத்திலிருந்தும் நோக்குதல் வேண்டும். அவ்வாய்வின்படி, கடியுண்ட 80,000 பேருள் உடலில் நஞ்சேறியவர் ஏறத்தாழ 30,000 பேரே. இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் மனித உயிரைக் குடிக்கும் தரைப்பாம்புகள் நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை முதலிய சிலவே. கடலிலே வாழ்வனவற்றுள், துடுப்புப் போலத் தட்டையான வாலையுடைய கடற்பாம்புகள் கொடிய நஞ்சுடையன. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை மனிதனுக்குத் தீங்கற்றவை. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் வெங்கிணாந்தியும் அவ்வினத்தன. களப்புகளில் வாழும் சொரசொரப்பான தோலையுடைய பாம்போ தரையிலே செம்மையாக ஊரவும் இயலாதது. பொல்லுக்குப் பலியாவன இவையே. ஏனெனில், இவையே பகலில் வெளிப்படுகின்றன. இவையே வலையிற் சிக்குகின்றன. இவையே வெள்ளத்தின்போது அடுப்படியில் வந்து ஒதுங்குகின்றன. இரவிலே வந்து பாயில் உறங்குபவனைத் தீண்டும் கட்டுவிரியனைப் பகலிலே அடிக்கப்பட்ட எந்தச் சாரையின் சாவும் தடுத்ததில்லை.

அறியாமைக்குக் கதைகள் துணை நிற்கின்றன. சாரையும் நாகமும் பிணையும் என்பது ஒன்று. வயலோரத்தில் இரு பாம்புகள் முறுக்கிக்கொண்டு தலைதூக்கி ஆடுவதைக் காண்போர், ஒன்று நாகம், மற்றது சாரை என்று கொண்டு மேலே துணி விரித்து நற்பேறு தேடுவர். உண்மையில் அவை இரண்டும் ஆண் சாரைகள். நிகழ்வது கூடலன்று, போட்டி. கொம்பேறி மூக்கன் தான் கடித்தவனின் உடல் எரிவதை உறுதிசெய்யச் சுடலை மரத்தில் ஏறியிருக்கும் என்பது மற்றொன்று. அப்பாம்பு மரத்திலே ஏறியிருப்பது பல்லியையும் தவளையையும் தேடி. அதன் கடியால் எவரும் சுடலைக்குப் போவதில்லை. அடிபட்ட பாம்பு பழிவாங்கும் என்பது மூன்றாவது. அதனால் அரைகுறையாக அடித்துவிட்டோர் தேடிப்பிடித்துக் கொல்கின்றனர். முகத்தை நினைவிற்கொண்டு ஆண்டுக்கணக்கில் பகை வளர்க்கும் ஆற்றல் பாம்பின் மூளைக்கு இல்லை. இக்கதைகளைப் பாட்டிமார் சொல்வதிற் குற்றமில்லை. பட்டம் பெற்றோரும் அவற்றையே திருப்பிச் சொல்வதுதான் நாணத்தக்கது.

பயனை மட்டும் நோக்கினும் கொலை நட்டமே. வேளாண்மைக் காலத்தில் வட்டையிலும் அறுவடைக்குப் பின் நெல் அடுக்கிய வீட்டிலும் எலி செய்யும் அழிவை விவசாயிக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சேற்றுநீரில் இறங்குபவரைப் பீடிக்கும் எலிக்காய்ச்சல், 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியதாகப் பதிவாயிற்று. எலியின் வளைக்குள்ளே நுழைந்து குஞ்சோடு உண்ணும் வேட்டைக்காரன் சாரை. அதற்குக் கூலியில்லை, நஞ்சு கலந்த இரையைப் போல அது கோழியையும் நாயையும் கொல்வதுமில்லை. சாரையை அடித்துவிட்டு எலிப்பாசாணம் வாங்கக் கடைக்குச் செல்பவன் இருமுறை நட்டமடைகிறான்.

இதுவரை கூறியதைக் கேட்டுத் தலையசைப்போருள் ஒரு சாராரை இங்கே தனியே எதிர்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கொல்லமாட்டார்கள், பிடிப்பார்கள். வாலைப் பற்றித் தலைகீழாகத் தூக்குவர். கழுத்தை நெரித்துப் படத்திற்கு முகங்காட்டுவர். தோளிலே மாலையாகப் போட்டுக்கொண்டு தெருவில் உலாவருவர். இளைஞரிடையே இதற்கு வீரம் என்று பெயர். பாம்பின் உடலோ நூற்றுக்கணக்கான முள்ளெலும்புகளும் அவற்றோடிணைந்த மெல்லிய விலா எலும்புகளும் கொண்ட நீண்ட கோவை. வாலால் மட்டும் தூக்கி உதறப்பட்ட பாம்பின் முள்ளெலும்பு விலகக்கூடும்; கழுத்தை இறுக்கிப் பிடித்தால் மெல்லிய எலும்புகள் நொறுங்கக்கூடும். அவ்வாறு பிடிபட்டது உயிரோடு விடப்பட்டாலும் பற்றைக்குள் கிடந்து நாட்கணக்கில் சாகிறது. பொல்லால் அடிப்பவன் உடனே கொல்கிறான். வேடிக்கை காட்டுபவன் மெல்லக் கொல்கிறான். வேறுபாடு அவ்வளவே.

வேடிக்கை காட்டுபவனுக்கே அதனால் ஆபத்தும் உண்டு. வெங்கிணாந்திக் குட்டியின் மேனியிலும் கண்ணாடி விரியனின் மேனியிலும் கரும்பழுப்புத் திட்டுகள் உள்ளன. மலைப்பாம்புக் குட்டியென எண்ணிக் கண்ணாடி விரியனைக் கையிலெடுத்து உயிரிழந்தோர் உளர். வீட்டுக்கூரையிற் பல்லி தேடும் தீங்கற்ற பாம்பொன்றின் வெண்பட்டைகள் கட்டுவிரியனின் பட்டைகளை ஒத்திருக்கும். பழகாத கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. ஆகவே, நஞ்சில்லாப் பாம்பைப் பாதுகாப்பாகக் கையாளும் கலையின் முதற்பாடம் கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. இன்னதென ஐயமின்றி அறியாத பாம்பைத் தொடலாகாது. அறிந்த பாம்பையும் தேவையின்றித் தொடலாகாது. வழிவிட்டு, ஐந்தாறு அடி விலகி, பிள்ளைகளையும் நாயையும் அப்புறப்படுத்தி, கதவைத் திறந்துவைத்தால் பெரும்பாலான பாம்புகள் தாமாகவே வெளியேறும். விலகி நிற்பதைக் கோழைத்தனம் என்பவர் அறிவை அறியாதவர்.

தொட்டே ஆகவேண்டிய நிலை சிலவேளை நேரும். சாரை கிணற்றில் விழுந்திருக்கலாம். தண்ணீர்ப் பாம்பு வலைக்கண்ணியில் இறுகியிருக்கலாம். அப்போது, இனத்தை ஐயமின்றி அறிந்தவர் மட்டுமே அணுகுதல் வேண்டும். ஓசையும் விரைவும் ஆகா. பாம்பின் உடலை ஓரிடத்திற் பற்றி இழுக்காமல், ஒரு கை முன்பகுதிக்குக் கீழும் மறுகை பின்பகுதிக்குக் கீழும் தாங்க, அதன் பாரம் இரு கைகளிலும் பரவுதல் வேண்டும். இறுக்கிப் பிடிக்காது கைகளினூடே ஊரவிட்டால் அது அமைதியடையும். நெரிக்கப்படும் பாம்பே கடிக்கும். கையால் தொட விரும்பாதார் வளைந்த நுனியுடைய தடியை உடலின் கீழே செலுத்தி உயர்த்தலாம். வயிறு புடைத்த பாம்பை அசைத்தால் உண்ட இரையைக் கக்கிவிடும்; கண் வெண்மைபூத்துத் தோலுரிக்க இருப்பது எளிதிற் சினக்கும். இவ்விரண்டையும் இயன்றவரை தொடாதிருத்தல் நன்று. தூய பருத்திச் சாக்கில் இட்டு வாயைக் கட்டி, வெயில் படாது வைத்து, அன்றே விட்டுவிடல் வேண்டும். நஞ்சில்லாதது கடித்தால் சவர்க்காரமிட்டுக் கழுவி ஏற்புவலித் தடுப்பூசி பெறுதல் போதும். இனம் பற்றிச் சிறிதேனும் ஐயம் எழுந்தால் கீறாமல், உறிஞ்சாமல், இறுகக் கட்டாமல், உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

வலையிற் சிக்கியதை மீட்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. செதில்கள் வாலை நோக்கிப் படிந்தவை; ஆதலால் பின்னோக்கி இழுக்கும்போது நூல் செதிலின் கீழே புதைந்து தோலைக் கிழிக்கும். இழுப்பதை விடுத்துக் கண்ணியை வெட்டுவதே முறை. 'ஒரு பாம்புக்காக வலையை அறுப்பதா?' என்று மீனவர் கேட்பர். கேள்வி நியாயமானது. ஆனால், அடித்து நசுக்கப்பட்ட பாம்பை வலையிலிருந்து பிரித்தெடுப்பதற்கும் கண்ணிகள் அறுபடவே செய்கின்றன. ஈரிரண்டு கண்ணிகளை முதலிலேயே வெட்டுவது மலிவு. வாவி முகத்துவாரத்தாலே கடலோடு தொடர்புற்றது என்பதையும் மறத்தலாகாது. வலையில் வந்தது தட்டைவால் உடையதாயின் கையை எடுத்துவிடல் வேண்டும்.

பிடித்த பாம்பைத் தொலைவிலுள்ள காட்டில் விடுவதே அருள் என்போர் உளர். அந்நியக் காட்டில் அதற்கு வளையும் தெரியாது, இரையிடமும் தெரியாது. அலைந்து திரிந்து மடியும் வாய்ப்பே மிகுதி. அயலிலுள்ள பற்றையிலோ வயல்வரம்பிலோ விடுவதே உண்மையான அருள். வெங்கிணாந்தி சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. ஒருவர் தனித்துக் கையாளக்கூடியதும் அன்று. அதனை வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் விடுவதே தக்கது.

இவையெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாதன என்பார்க்குத் தமிழ்நாட்டு இருளர் விடையாவர். ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்த மக்கள் அவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடித்தன. 1978இல் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கொன்ற அதே கைகள், உயிரோடு பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடத் தொடங்கின. அந்நஞ்சினின்றும் ஆக்கப்படும் மாற்றுமருந்து மனித உயிரைக் காக்கிறது. பழக்கம் மாறும் என்பதற்கும், பாம்பின் நலமும் மனிதனின் நலமும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதற்கும் இதனினும் சான்று வேண்டுவதில்லை.

2011 சனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பின் தாழ்நிலங்கள் மூழ்கின. ஒவ்வொரு வடகீழ்ப் பருவமழையிலும், அளவு குறைந்தோ கூடியோ, நீர் உயரும். மனிதரும் பாம்புகளும் ஒரே மேட்டில் ஒதுங்குவர். அப்போது கையில் எது இருக்கும் என்பதே வினா. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் வயல்வெளிகளின் நடுவே நிற்கிறது. அங்கு விஞ்ஞானமும் விவசாயமும் கற்பிக்கப்படுகின்றன; சூழவுள்ள கிராமங்களிலிருந்து மாணவர் வருகின்றனர். இலங்கைப் பாம்புகளைப் பற்றி பிராங்க் வோல் 1921இலேயே ஆங்கிலத்திற் பெருநூல் எழுதினார். ஆங்கில நூல் நூலகத்தில் இருப்பதால் வாவிக்கரை மீனவருக்குப் பயனில்லை. ஊர்ப்பெயர்களைத் திரட்டி, படத்தோடு, எளிய தமிழில் சிறு கையேடு ஆக்கி, மாரிக்கு முன் ஒவ்வொரு பாடசாலைக்கும் கொண்டுசெல்வது மாணவருக்கு இயலாத காரியமன்று. விலங்கியலில் தேர்ச்சிபெற்று, விடுமுறையில் ஊருக்குப் போய், வளவுக்குள் வந்த சாரையை அயலவர் அடிப்பதை வாய்மூடிப் பார்த்துநிற்கும் பட்டதாரியின் கல்வி பரீட்சைத்தாளோடு முடிந்துவிட்டது எனலாம். பொல்லை ஓங்கியவனின் முன்னே சென்று, 'இது சாரை, கடித்தாலும் சாகமாட்டாய், வழிவிடு' என்று சொல்லத் துணிபவனே கற்றவன். அத்துணிவே வீரம்.