நடப்பதற்கும் கட்டணமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன்

இத்தாலியின் வெனிஸ் நகரை நான் படங்களில்தான் கண்டிருக்கிறேன். பழைய நகருக்குள் பேருந்து இல்லை. சைக்கிள் ஓட்டவும் தடை. 400-க்கும் மேற்பட்ட பாலங்களைக் கால்களாலேயே கடக்க வேண்டும். கால் ஓய்ந்தால் படகுப் பேருந்து உண்டு.

2024 முதல், குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து திரும்புவோர் குறைந்தது 5 யூரோ நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். விடுதியில் தங்குவோர் தனி வரி கட்டுவதால் அவர்களுக்கு விலக்கு.

1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரில் இன்று 50,000 பேர்கூட இல்லை. கூட்டத்தில் திணறும் அவர்கள் துயரம் உண்மையே. ஆனால் 5 யூரோ செல்வரைத் தடுக்குமா? எளியோரையல்லவா தயங்க வைக்கும்!

என் தந்தை கல்லூரி வாயிலை மிதித்ததில்லை. கட்டணம் குறைவென்பதால்தான் நான் இங்கு நுழைந்தேன். ஆதலின் சொல்கிறேன்: வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கட்டும், முன்பதிவு செய்தவர் முந்தட்டும். பணம் மட்டும் வாயிற்காவலனாக வேண்டாம்!