குளிப்பாட்டிய பிறகுதான் பாங்கா?

பேறுகாலம் நாளும் நாழிகையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தமிழ்நாட்டில் 100க்கு 99க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்வதாக 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. எஞ்சியவற்றுள், எவரும் எதிர்பாராத வேளையில் வீட்டுக் கூடத்திலோ வழியில் வண்டியிலோ நிகழ்ந்துவிடுபவையும் உண்டு. முன்னரே பிள்ளை பெற்ற தாய்க்கு வலி கண்ட சிறிது பொழுதிலேயே குழந்தை வந்துவிடக்கூடும். மாதம் நிறையாத குழந்தையும் இப்படி முந்திக்கொள்வதுண்டு. அந்நேரத்தில் நம் வீடுகளில் எழும் முதற்குரல் என்ன? “வெந்நீர் வையுங்கள், பிள்ளையைக் குளிப்பாட்டினால்தானே பாங்கு சொல்ல முடியும்!”

இந்தக் குரலையே நான் மறுக்கிறேன்.

தாயின் வயிற்றுக்குள் வெதுவெதுப்பில் இருந்த குழந்தை நனைந்த மேனியுடன் வெளியே வருகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது உடற்சூட்டையும் கொண்டுபோகிறது. காப்பின்றி விட்டால் முதல் 10 முதல் 20 நிமிடங்களுக்குள்ளாகவே உடல் வெப்பம் 2 முதல் 4 பாகை செல்சியஸ் வரை இறங்கிவிடக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தார் கூற்று. 36.5 பாகைக்குக் கீழ் இறங்கினாலே அது குளிர்ச்சிநோய். நமக்குப் புழுக்கமாயிருக்கும் அறைகூட அதற்குக் குளிர்தான். சூட்டை மீட்கக் குழந்தை தன் உடலிலுள்ள சர்க்கரையையும் உயிர்வளியையும் செலவிடுகிறது. சர்க்கரை குறையும், மூச்சு தளரும். எடை குறைந்த குழந்தைக்கோ இது உயிர்ப்போராட்டம். இந்நிலையில் அதன்மீது நீரை ஊற்றி, மேனியைக் காத்து நிற்கும் வெண்ணெய் போன்ற படலத்தையும் பயற்றமாவு போட்டுத் தேய்த்தெடுக்கிறோம்! முதற் குளிப்பை 24 மணி நேரமாவது தள்ளிவையுங்கள் என்றே மருத்துவ உலகம் கூறுகிறது. உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத்துணியை அகற்றி, தாயின் வெறும் மார்போடு அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துவதே முதற் கடமை.

“மருத்துவம் இருக்கட்டும், மார்க்கம் என்னாவது?” என்பார்க்கு மார்க்கத்திலிருந்தே விடை சொல்வேன். பிறந்த குழந்தை தூய்மையானது, அதைக் கழுவ வேண்டிய கட்டாயமில்லை, இது முஸ்லிம்களின் ஒருமித்த கருத்து என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘அல்மஜ்மூஉ’வில் எழுதியுள்ளார்கள். ஃபாத்திமா (ரலி) அவர்கள் ஹஸன் (ரலி) அவர்களைப் பெற்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அக்குழந்தையின் காதில் பாங்கு சொன்னதை அபூராஃபிஉ (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. அதில் குளிப்பைப் பற்றி ஒரு சொல்லேனும் உண்டா? பாங்கு சொல்பவருக்கே உளூ ஸுன்னத்தேயன்றி நிபந்தனையன்று. கேட்கும் பச்சிளம் சிசுவுக்கு எங்கிருந்து வந்தது இந்த நிபந்தனை? ஊர் வழக்கத்தைக் கிதாபின் அட்டைக்குள் வைத்துத் தைத்துவிட்டோம்.

அடுத்தது சேனை. தஹ்னீக்கின் பெயரால் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் புகட்டுகிறார்கள். சீம்பாலைக் கெட்ட பாலென்று பீச்சிக் கொட்டுகிறார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் நிறைமாதத்தில் ஹிஜ்ரத் புறப்பட்டு, குபாவில் இறங்கிய இடத்தில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்த வரலாறு புகாரீயில் உண்டு. அண்ணலார் பேரீச்சம்பழத்தை மென்று அக்குழந்தையின் மேலண்ணத்தில் தடவினார்கள். தடவினார்கள், ஐயா! சங்கு நிறைய ஊற்றவில்லை. தாய்ப்பாலைத் தடுக்கவும் இல்லை. ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகவே ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சீம்பாலோ நோயெதிர்ப்புச் சத்தின் சுரங்கம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். தொப்புள்கொடியை வீட்டுப் பிளேடால் அறுப்பதும், அதில் சாம்பல் பூசுவதும் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. உதவி வரும்வரை கொடியை அறுக்காமலே விடலாம். நஞ்சு விழுந்துவிட்டால் அதையும் பிள்ளையோடு சேர்த்துச் சுற்றி வைக்கலாம். குழந்தை அழவில்லையா, துணியால் முதுகைத் தேய்த்துவிடுங்கள். தலைகீழாகத் தொங்கவிட்டு அடிக்காதீர்கள்.

இன்னொரு சாரார், “மர்யம் (அலை) அவர்கள் மருத்துவமனைக்கா போனார்கள்?” என்று கேட்டுக் காலந்தாழ்த்துகிறார்கள். திருமறையின் 19ஆம் அத்தியாயத்தை அவர்கள் பாதிதான் ஓதியிருக்கிறார்கள். பேறுவேதனையில் துவண்ட அந்த அம்மையாருக்கே பேரீச்ச மரத்தை உலுக்கும்படி கட்டளை வந்தது. உண்ணவும் பருகவும் சொல்லப்பட்டது. அற்புதத்தின் நடுவிலும் முயற்சியை நீக்காத இறைவன், வாசலில் வண்டி கிடைக்கும் நமக்கா அதை நீக்கிவிட்டான்? பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டே வலியில் துடிப்பவளை நிறுத்தி வைப்பது பேணுதல் அன்று. உயிர்காக்கும் இன்றியமையாமையில் ஆண் மருத்துவரும் ஆகுமென ஃபிக்ஹ் நூல்கள் தெளிவாகவே கூறுகின்றன.

2008 முதல் தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடுகிறது; பேறு பார்க்கப் பயின்றவர் அதில் உண்டு. குழந்தை பிறந்துவிட்டதே, இனி எதற்கு மருத்துவமனை என்று இருந்துவிடாதீர்கள். நஞ்சு முழுதும் வந்ததா, தாய்க்கு இரத்தப்போக்கு மிகுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கு வைட்டமின் கே ஊசியும், 24 மணி நேரத்திற்குள் மஞ்சள்காமாலைத் தடுப்பூசியும் போட வேண்டும். பாங்கு சொல்ல வேண்டிய பாட்டனாரும் அவ்வண்டியிலேயே ஏறிக்கொள்ளட்டும். தாயின் மார்பிலிருந்து பிள்ளையை எடுக்காமலே, போர்வையைச் சற்றே விலக்கி, காதருகே குனிந்து சொல்லலாம்.